கடைகளுக்கு மேலே யார்?

துர்சுனாய் எதையும் லேசில் நம்புகிறவள் அல்ல. தர்பூசணி வாங்கப் போனால், வியாபாரி வெட்டிக் காட்டும் இடத்தை ஏற்கமாட்டாள். தான் விரல் வைத்த இடத்தில்தான் கத்தி இறங்கவேண்டும். "அவர் காட்ற பக்கம் மட்டும் இனிக்கும்" என்பாள். கரகோல் ஊரில் அவளைத் தெரிந்த பழவியாபாரிகள், அவள் வருவதைப் பார்த்ததும் கத்தியை எடுத்து அவள் பக்கமே நீட்டிவிடுவார்கள்.

அவளுடைய திரைத்துணிக் கடை இருந்தது பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவில். பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனபோது அந்தத் தெருவுக்குப் பாதி உயிர் போயிற்று. சுற்றுச்சாலையில் கண்ணாடியும் நகரும் படிக்கட்டுமாக ஒரு பெரிய அங்காடி வந்ததும் மீதியும் போயிற்று. மத்தியானத்தில் தெருவின் இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் இருப்பவர் "நல்லா இரு" என்று சொல்லலாம். அப்படியொரு அமைதி.

அந்த நேரத்தில்தான் கட்டடக்காரர் கிலிச் வந்தார். தாழ்ந்த பழைய கடைகளை இடித்துவிட்டு, அதே இடத்தில் கீழே கடைகளும் மேலே நான்கு மாடிக்கு வீடுகளும் கட்டுவதாகச் சொன்னார். கடைக்காரர்களுக்கு அவரவர் கடை அதே அளவில், அதே இடத்தில் திரும்பக் கிடைக்கும். கட்டி முடியும்வரை தெருவோரம் கண்டெய்னர்களில் வியாபாரம் செய்துகொள்ளலாம்.

"மேல ஜனம் இருந்தா கீழ வியாபாரம் தானா நடக்கும்" என்றார் கிலிச். "காலையில இறங்கினா ரொட்டி. தலைவலின்னா மருந்து. பொண்ணுக்குக் கல்யாணம்னா துணி. எவனாவது பஸ் புடிச்சு அந்த அங்காடிக்குப் போவானா?"

"ஜனம் எங்கேருந்து வரும்? மழையோட சேர்ந்து பெய்யுமா?" என்று கேட்டாள் துர்சுனாய்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் போடவில்லை. தற்காலிகமாக இடம் மாறுங்கள் என்று முன்னொரு காலம் சந்தைக்காரர்களிடம் சொன்னார்கள். போன சந்தை திரும்பி வரவேயில்லை. அங்கே அவளுக்கும் ஒரு கடை இருந்தது. ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் வேலை தொடங்க முடியாது என்பதால், தெரு முழுக்க அவள் கதவைத் தட்டியது.

கடைசியில் வந்தவர் ரொட்டிக்கடை ஓபித்ஜான். அறுபது வயது உஸ்பெக்காரர். தந்தூர் அடுப்பின் முன்னால் நின்று நின்று இரு புருவங்களும் கருகி, முகம் எப்போதும் ஆச்சரியப்பட்டது போலவே இருக்கும். இருபது வருடப் பழக்கம். துர்சுனாய்க்கு இந்தத் தெருவில் பாதி நம்பிக்கை வைக்கத் தோன்றும் ஒரே ஆள்.

"நான் இருக்கேன்ல தங்கச்சி" என்றார். "அவன் ஏமாத்தினா என் கழுத்தப் பிடி. இப்படியே விட்டா நான் சுடுற ரொட்டிய நானே தின்னுதான் தீரணும்."

அவர் முகத்துக்காகப் போட்டாள்.

கிலிச் சொன்னபடியே நடந்துகொண்டார். இரண்டு குளிர்காலம் கண்டெய்னரில் விறைத்தபின், அவளுடைய கடை அதே இடத்தில், அதே அளவில், அகலக் கண்ணாடியோடு அவள் கைக்கு வந்தது. குறைசொல்ல ஒன்றுமில்லாததே அவளுக்கு ஒரு குறையாக இருந்தது. மேலே வீடுகள் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டன என்றும் சேதி வந்தது.

ஆனால் ஆள் வரவில்லை.

இலையுதிர்காலம் வந்து பாப்ளார் மரங்கள் மொட்டையாயின. வீடு வாங்கியவர்கள் முதலில் செய்வது என்ன? கதவுக்குப் பூட்டு, ஜன்னலுக்குத் திரை. பூட்டு வாங்கினார்களோ என்னவோ, திரைக்கென்று ஒரு மனிதர்கூட அவள் கடைப் படியேறவில்லை.

"எல்லாரும் அந்த அங்காடியில வாங்கியிருப்பாங்க" என்றாள் பக்கத்து மருந்துக்கடை தமாரா. ரஷ்யக்காரி. துர்சுனாய் வயசுதான். இருவரும் ஒரே தேநீர்க் கெண்டியைப் பங்கிட்டுக் குடிக்கிறவர்கள்.

"எங்க வாங்கினா என்ன? வாங்கினத மாட்டணும்ல? அண்ணாந்து பாரு. ஒரு ஜன்னல்லயாவது துணி தெரியுதா?"

தமாரா அண்ணாந்து பார்த்தாள். கண்ணாடி, கண்ணாடி, கண்ணாடி. "வெளிச்சம் பிடிக்கிறவங்களா இருக்கும்."

"நாப்பது குடும்பத்துக்குமா?"

ஆனால் பொழுது சாய்ந்தால் மேலே விளக்கு எரிந்தது. அதுதான் தெருவுக்குத் தைரியம். கடை மூடும் நேரத்தில் அண்ணாந்து பார்த்து, "இதோ மூணாம் மாடி வந்தாச்சு, இதோ நாலாம் மாடி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஓபித்ஜான் மாவைக் கூட்டிப் பிசைந்தார். ரொட்டி மிஞ்சியது. மறுநாளும் கூட்டித்தான் பிசைந்தார்.

ஒருநாள் துர்சுனாய் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு, எதிர்ச்சாரியில் ஒரு மரத்தடியில் போய் நின்றாள். பனி இன்னும் விழத் தொடங்கவில்லை. காற்று மட்டும் காதைக் கடித்தது. இரண்டாம் மாடியின் கோடி வீட்டில் விளக்கு எரிந்தது. தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை, அணைந்தது. அடுத்த வீட்டில் எரிந்தது. அணைந்தது. அதற்கடுத்த வீடு. விளக்கு ஜன்னல் ஜன்னலாக நடந்து போயிற்று. மேல்மாடிக்கு ஏறி, அங்கேயும் நடந்தது.

மறுநாள் காலையில் தமாராவைப் பிடித்துக்கொண்டாள்.

"குடும்பமும் இல்ல, ஒண்ணுமில்ல. ஒரே ஆளு விளக்கப் போட்டுப் போட்டு அணைக்குது. நம்மள ஏமாத்துறானுங்க."

"யாரு?"

"அந்தக் கிலிச்தான், வேற யாரு? வீடே விக்கல போல. வித்துப்போச்சுன்னு காட்டுறான். நாம ஏமாந்து நொடிஞ்சு போனதும் கடைய எல்லாம் அடிமாட்டு விலைக்கு வாங்கிடுவான்."

"அதுக்கு எதுக்குடி விளக்கு? இருட்டா விட்டா இன்னும் சீக்கிரமே நொடிஞ்சு போவோமே."

அது துர்சுனாயின் சந்தேகத்தைக் குறைக்கவில்லை; தனக்கு எட்டாத சூழ்ச்சி என்றுதான் தோன்றிற்று.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. சாயங்காலம் கடையில் தனியாகத் திரைக்கு மணிச்சரம் கோத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே காலடிச் சத்தம். அவள் கடைக்கு நேர் மேலே இருந்த வீட்டிலிருந்து. பிறகு ஒரு பெண் குரல். அதன்பின் ஓர் ஆண் குரல். வார்த்தை புரியவில்லை, கரகரவென்று மட்டும் கேட்டது. பெண் சிரித்தாள். துர்சுனாய் திரை மாட்டும் கம்பியை எடுத்து மேற்கூரையில் இரண்டு இடி இடித்தாள். சட்டென்று மேலே நிசப்தம்.

"பாத்தியா! குடித்தனக்காரங்களா இருந்தா திருப்பி இடிச்சிருப்பாங்க" என்றாள் தமாராவிடம். "திருடங்கதான் கம்முன்னு இருப்பாங்க. கிலிச் ரெண்டாந்தாரம் வச்சிருக்கான்டி. இந்த ஊர்ல பொண்டாட்டிக்குத் தெரியாம வைக்க எடம் வேணும்ல? நாப்பது வீடு கட்டிட்டான்."

"தினம் ஒரு வீட்டுலயா வைப்பான்?" என்றாள் தமாரா. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

இரண்டு நாள் கழித்து, மாடிப்படி வாசலில் ஒரு பெண்ணை எதிரில் பார்த்தாள். முப்பது வயதிருக்கும். காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. கையில் சிறைக்காவலர் வைத்திருப்பது போல ஒரு பெரிய சாவிக்கொத்து.

"புதுசா குடி வந்திருக்கியாம்மா?"

"ஆமா... இல்லக்கா. வந்து வந்து போறேன்."

"எந்த வீடு?"

"மேல."

"மேலன்னா வானம்கூடத்தான் மேல இருக்கு. பேரென்ன?"

"பெர்மெட்" என்று சொல்லிவிட்டு, பேருந்தைத் தவறவிடுபவள் போல ஓடினாள்.

துர்சுனாய் நேரே ரொட்டிக்கடைக்குப் போனாள். எல்லாவற்றையும் கொட்டினாள். விளக்கு நடப்பது, ஆண் குரல், சாவிக்கொத்து, கிலிச்சின் இரண்டாந்தாரம். ஓபித்ஜான் கேட்டுக்கொண்டே இருந்தார். கை மட்டும் மாவு உருண்டையைத் தேவைக்கு மேல் தட்டிக்கொண்டிருந்தது.

"ஊர்க்கதை நமக்கெதுக்கு தங்கச்சி? காலி வீடுன்னு வெளிய தெரிஞ்சா திருடன் வருவான். பேசாம விடு. இந்தா, சூடா இருக்கு, எடுத்துட்டுப் போ" என்று இரண்டு ரொட்டிகளைத் துணியில் சுற்றி நீட்டினார். அவள் காசை எடுத்தபோது வேண்டாமென்று கையை ஆட்டினார்.

ஓபித்ஜான் இனாமாக ரொட்டி கொடுத்து அவள் பார்த்ததேயில்லை. வழிநெடுக அந்த ரொட்டியின் சூடு உள்ளங்கையில் சுட, அவள் யோசித்துக்கொண்டே நடந்தாள். காலி வீடு என்று அவள் சொல்லவேயில்லையே? இரண்டாந்தாரம் என்றல்லவா சொன்னாள்?

ஆனாலும் அவரைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. தெருவில் ஒருத்தரையாவது நம்பாவிட்டால் காலையில் கடை திறப்பது எப்படி?

ஜனவரியில் குளிர் முற்றியது. எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைந்துவிடும் என்று சொல்வார்களே, அப்படி. ஒரு காலையில் துர்சுனாய் கடையைத் திறந்தபோது, உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. மேற்கூரையின் விளக்குப் பொத்தல் வழியாகத் தண்ணீர் கயிறுபோல் இறங்கிற்று. கல்யாண சீசனில் மணமக்கள் வீட்டுத் திரைகளுக்கென்று அவள் வாங்கி அடுக்கிவைத்திருந்த கருஞ்சிவப்பு வெல்வெட் சுருள்கள் சாயம் கக்கி, தரையெல்லாம் ரத்தம் கொட்டியது போலக் கிடந்தது.

அவள் போட்ட கூச்சலில் தமாரா வந்தாள். மற்ற கடைக்காரர்களும் வந்தார்கள். சுருள்களைத் தூக்கிப் பனியில் போட்டார்கள். கிலிச்சுக்கு போன் போட்டால் அவர் தலைநகர் பிஷ்கெக்கில் இருந்தார். "பெர்மெட்டக் கூப்பிடுங்க, சாவி அவகிட்டதான் இருக்கு" என்று எண்ணைக் கொடுத்தார்.

பெர்மெட் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்தாள். கோட்டுக்குள்ளே செவிலி உடுப்பு. அவசரத்தில் சாவி கொத்திலிருந்து பிரிய மறுத்தது. கதவு திறந்தது. துர்சுனாயும் தமாராவும் பின்னாலேயே நுழைந்தார்கள்.

உள்ளே கட்டிலில்லை, பாயில்லை. பளபளவென்று புதுத் தரை, கணுக்கால் வரை தண்ணீர். ஜன்னலோரம் ஒற்றை நாற்காலி. சமையலறைக் குழாய் வெடித்துப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வீட்டைச் சூடாக்கும் பாய்லரோ அணைந்து பனிக்கட்டியாய்க் கிடந்தது. பெர்மெட் தண்ணீரில் முழங்காலிட்டு வால்வைத் திருகி மூடினாள். பிறகு அப்படியே உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"நான் சொன்னேங்க்கா. இந்தக் குளிருக்குப் பாய்லர அணைக்காதீங்கன்னு தலதலையா அடிச்சுக்கிட்டேன். ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குக் கரண்டுன்னு அவருதான் நேத்து வந்து அணைச்சுட்டுப் போனாரு."

"எவரு?"

பெர்மெட் மூடிய வால்வையே மறுபடி திருகிப் பார்த்தாள்.

"சொல்லு பொண்ணே" என்றாள் தமாரா. "இதுக்கு மேல மறைக்க என்ன இருக்கு? எல்லாந்தான் நனைஞ்சு போச்சே."

"ரொட்டிக்கடை ஐயா. இது அவரு வீடு. அவரு மகன் ஷுஹ்ரத்துக்கு வாங்கினது."

துர்சுனாய் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தாள். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்ததுகூடத் தெரியவில்லை.

மற்றதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வீடுகள் எல்லாம் உண்மையாகவே விற்றவைதான். வாங்கியவர்கள் மாஸ்கோவிலும் கசானிலும் நவசிபீர்ஸ்க்கிலும் செங்கல் சுமப்பவர்கள், டாக்சி ஓட்டுபவர்கள், தரை துடைப்பவர்கள். என்றாவது ஊர் திரும்பும்போது தங்க ஒரு வீடு இருக்கட்டும் என்று வாங்கிப்போட்டவர்கள். ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் பெர்மெட் வந்து குழாயைத் திறந்து பார்ப்பாள், பாய்லரைப் பார்ப்பாள், காற்று வர ஜன்னல் திறப்பாள். சிலர் போனில் முகம் பார்த்துப் பேசும்போது வீட்டைக் காட்டச் சொல்வார்கள். அவள் விளக்கைப் போட்டு, போனை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு நடப்பாள். "அங்க சுவத்துல என்ன கறை? கிட்டப் போ" என்பார்கள். காலி என்று தெரிந்தால் பூட்டு உடையும், அதனால் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"அப்ப இங்க கேட்ட ஆம்பளக் குரல்?"

"ஷுஹ்ரத் அண்ணன். வாரத்துக்கு ஒருக்கா கூப்பிடுவாரு. நீங்க கம்பியால இடிச்சப்ப பயந்துபோய் அவரே போனை வச்சிட்டாரு." பெர்மெட் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவரு வரமாட்டாருக்கா. அங்கயே ஒரு பொண்ணக் கட்டிக்கிட்டாரு. 'எங்கப்பாகிட்ட நீ சொல்லேன், எனக்கு வாய் வரல'ங்கிறாரு. நான் எப்படிச் சொல்வேன்?"

துர்சுனாய் எழுந்தாள். தமாரா கையைப் பிடித்தாள். "இப்பப் போகாத. ஒரு டீ குடிச்சிட்டுப் போ." அவள் கையை உதறிவிட்டுப் போனாள்.

ரொட்டிக்கடையில் ஓபித்ஜான் தந்தூரின் உட்சுவரில் ரொட்டிகளை அப்பி முடித்து நிமிர்ந்துகொண்டிருந்தார். அவளுடைய பூட்ஸிலிருந்து சிவப்புத் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"தங்கச்சி..."

"தங்கச்சின்னு கூப்பிடாதீங்க, ரொட்டிக்காரரே."

இருபது வருடத்தில் அவள் அவரை அண்ணே என்றல்லாமல் கூப்பிட்டதில்லை.

"அன்னிக்கு என் கடைக்கு வந்தப்பவே அந்த வீடு பேசி முடிச்சாச்சா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் கருகிய புருவங்களுக்குக் கீழே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "உன்ன ஒத்துக்க வச்சா விலையில கொறைக்கிறேன்னு கிலிச் சொன்னான். ஆனா கெட்டதுன்னு நெனச்சு செய்யல. தெருவுக்கும் நல்லது, எனக்கும்..."

"பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்! எனக்கு நல்லதுன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. எனக்கு இதுல லாபம் இருக்கு துர்சுனாய், இருந்தும் சொல்றேன்னு சொல்லியிருந்தா நான் என்ன, கடிச்சா தின்னிருப்பேன்? என் கழுத்தப் பிடின்னீங்களே. எங்க, காட்டுங்க கழுத்த!"

"சொன்னா நீ போட்டிருக்கமாட்ட."

"போட்டிருக்கமாட்டேன்தான்! அதுக்குத்தான் என் கையெழுத்துன்னு பேரு!"

"புள்ள வருவான்னு..." என்றார். குரல் உடைந்தது. "வீடு ஒண்ணு இருந்தா வந்துடுவான்னு நெனச்சேன். இந்தப் பழைய வீட்டுக்கு, கரி அடுப்புக்கு எவன் திரும்பி வருவான்? வசந்தத்துல வந்துடுவான். வர்றதுக்குள்ள கரண்டுக் காசு ஏறிடக்கூடாதேன்னுதான்..."

"வரமாட்டான்" என்றாள் துர்சுனாய். வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "அங்கயே கல்யாணம் கட்டிக்கிட்டான். பெர்மெட்கிட்டச் சொல்லிட்டான். உங்ககிட்டச் சொல்லத்தான் அவனுக்கு வாய் வரல."

ஓபித்ஜான் மாவுப்பலகையின் விளிம்பில் உட்கார்ந்தார். முகத்தில் அந்த நிரந்தர ஆச்சரியம் அப்படியே இருந்தது. முதல்முறையாக அது நிஜமான ஆச்சரியமாக இருந்தது. தந்தூருக்குள் ரொட்டி தீயும் வாடை எழுந்தது. அவர் அசையவில்லை. புகை வரத் தொடங்கியது.

"ரொட்டி தீயுது" என்றாள்.

அவர் காதில் விழவில்லை.

துர்சுனாய் பல்லைக் கடித்துக்கொண்டு நீளக் கொக்கியை எடுத்தாள். தந்தூர் வாயில் குனிந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்து இழுத்தாள். பழக்கமில்லாத கை, மணிக்கட்டில் சுட்டுவிட்டது. பாதி கருகியது, பாதி தப்பியது. தப்பியதைப் பலகையில் அடுக்கிவிட்டு, வேறெதுவும் சொல்லாமல் வெளியே போனாள். கோபம் தீர்ந்தபாடில்லை.

அடுத்த நாள் ஓபித்ஜானும் அவர் மனைவியும் கைவண்டியோடு வந்தார்கள். வெல்வெட் சுருள்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். ரொட்டிக்கடை முழுக்கக் கயிறு கட்டி, தந்தூரின் வெக்கையில் நாள்கணக்கில் காயவைத்தார்கள். சாயம் போனவற்றுக்குப் பதில் புதுச்சுருள் வாங்கித் தந்தார். துர்சுனாய் வாங்கிக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை. காய்ந்து வந்த துணியில் ரொட்டி வாசம் ஏறியிருந்தது. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த ஒருத்தி முகர்ந்து பார்த்து, "பசிக்குதே" என்றாள்.

ரொட்டியைத் துர்சுனாய் இரண்டு தெரு தள்ளி வாங்கத் தொடங்கினாள். அது நன்றாகவே இல்லை. ஆனாலும் வாங்கினாள்.

பிப்ரவரிக் கடைசியில் தமாரா ஓடிவந்து சொன்னாள்: "உன் தலைக்கு மேல ஆள் வந்தாச்சு. நெசமான ஆள்." ஓபித்ஜான் தன் வீட்டைப் பெர்மெட்டுக்கே வாடகைக்கு விட்டிருந்தார். அவள் ஊர்க்கோடியில் ஒற்றை அறையில் அம்மாவோடும் சின்ன மகளோடும் இருந்தவள். சாவியைக் கொடுத்தபோது அவர் ஒன்றே ஒன்று சொன்னாராம்: "அந்தப் பாய்லர மட்டும் அணைக்காதம்மா."

"மகன்கிட்டப் பேசினாராமா?" என்று கேட்டாள் துர்சுனாய்.

"இவரே போன் பண்ணினாராம். மருமகளோட பேசினாராம். அவளுக்கு உஸ்பெக் தெரியாது, இவரு ரஷ்யன் அரகொற. ரெண்டு பேரும் 'நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கீங்களா'ன்னே கேட்டுட்டிருந்தாங்களாம்."

பெர்மெட் சும்மா இருக்கவில்லை. வீட்டைக் காட்டும் அதே போனில் மற்ற வீட்டுக்காரர்களிடமும் பேச்சைத் தொடங்கினாள். பூட்டிய வீடு குளிரில் வெடிக்கிறது, ஆளிருந்தால் வெடிக்காது என்றாள். ஆஸ்பத்திரிச் செவிலிகள் இருக்கிறார்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள் இருக்கிறார்கள் என்றாள். சிலர் சரியென்றார்கள். சிலர், "நான் படுக்காத எடத்துல எவனோ படுப்பானா?" என்று போனை வைத்தார்கள். வசந்தத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் ஆள் வந்தது. மற்றவை இன்னும் காலிதான். தெரு ஒன்றும் பழைய தெரு ஆகிவிடவில்லை. ஆனால் சில நாள் மத்தியானத்துக்குள் ரொட்டி தீர்ந்துபோயிற்று. தமாரா கடையில் குழந்தை இருமல் மருந்து விற்றது.

துர்சுனாய்க்கு இப்போது வேறு சந்தேகங்கள். மூன்றாம் மாடிக்காரி குழந்தைத் தள்ளுவண்டியைத் தன் கடைக் கண்ணாடியை மறைத்து நிறுத்துவது தற்செயலா, இல்லை வேண்டுமென்றேவா? இரண்டாம் மாடி ஆசிரியை கடனில் துணி கேட்கிறாளே, வாத்தியார் சம்பளத்தில் எப்படிக் கட்டுவாள்? தலைக்கு மேலே பெர்மெட்டின் மகள் குதிகுதியென்று குதித்தாள். கம்பியால் இடித்தால், மேலேயிருந்து திருப்பி இடித்தது. "கொழுப்பப் பாரு" என்றாள் துர்சுனாய். இரண்டாம் முறை இடித்துப் பார்த்தாள். அதற்கும் பதில் வந்தது.

கோடையில் கிலிச் திரும்ப வந்தார். எதிர்ச்சாரிக் கடைகளையும் இடித்து, அங்கேயும் மாடிவீடு கட்டுவதாகத் திட்டம். தெருவையே மறிக்கவேண்டியிருப்பதால் இருபக்கக் கடைக்காரர்களும் ஒத்துக்கொள்ளவேண்டும். செருப்புக்கடையில் கூட்டம் கூடிற்று. பெஞ்சில் இடமில்லை. பிந்தி வந்த ஓபித்ஜான் வாசலிலேயே நின்றார். துர்சுனாய் அவர் பக்கம் திரும்பாமல், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

கிலிச் படம் விரித்தார். இந்தமுறை மாடிமுகப்பு, பூந்தொட்டி, நிழலில் நடக்கும் ஜனங்கள் எல்லாம் வண்ணத்தில் இருந்தன.

"இந்தப் படத்துல நடக்கிறவங்க எந்த ஊரு?" என்று கேட்டாள் துர்சுனாய்.

"அது சும்மா படம் அக்கா."

"அதான் கேட்டேன். சரி, நான் உங்ககிட்டக் கேக்கல. இவங்ககிட்டக் கேக்கிறேன்." அவள் எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "அந்தக் கட்டடத்துல இப்பவே வீடு பேசி வச்சிருக்கிறவங்க யாரு யாரு? கையத் தூக்குங்க. தப்பில்ல. ஆனா எனக்குத் தெரியணும்."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிலர் ஓபித்ஜானைப் பார்த்தார்கள். அவர் இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். செருப்புக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். கிலிச் படத்தின் சுருண்ட ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

துர்சுனாய்க்குப் பக்கத்திலேயே, மெதுவாக, ஒரு கை உயர்ந்தது. தமாராவின் கை.

"நீயா!"

"காசு குடுக்கல. பேசித்தான் வச்சிருக்கேன்" என்றாள் தமாரா, முகம் சிவந்து. "எனக்கேதான்டி, நான் குடியிருக்க. கரி அள்ளி அள்ளி இடுப்பு ஒடிஞ்சுபோச்சு."

"தெனம் என்கூட உக்காந்து டீ குடிக்கிற. ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா நீ இப்படித்தான் கேப்ப. அதான் சொல்லல."

செருப்புக்கடை சிரிப்பில் குலுங்கிற்று. கிலிச்சும் சிரித்தார். ஓபித்ஜான்கூடத் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். துர்சுனாய் மட்டும் சிரிக்கவில்லை. தமாராவை மேலும் கீழும் பார்த்தாள், இருபது வருடமாகப் பார்த்தவளை அன்றுதான் புதிதாகப் பார்ப்பது போல. பிறகு கிலிச்சிடம் திரும்பினாள்.

"ஒரு ஆளு இருக்கு. இவளுக்குக் கரி அள்ள முடியலங்கிறது நெசம், நான் சாட்சி. மத்த வீட்டுக்கெல்லாம் ஆளக் கூட்டிட்டு வாங்க. வாங்குறவங்க இல்ல, குடியிருக்கிறவங்க. அவங்கள ஒரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்."

"அக்கா, அதெப்படி முடியும்..."

"முடியலன்னா படத்தச் சுருட்டுங்க."

கிலிச் நீட்டிய பேனா அந்தரத்தில் நின்றது. சற்றுப் பொறுத்து அதை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று யாரும் கையெழுத்துப் போடவில்லை.